வந்த கலையும் சொந்தக் கலையும்

கலையில் நம்முடையது எது, பிறருடையது எது என்னும் வினா எழுப்புவதற்கு எளியது. விடை காண்பதற்கு அரியது. தமிழக முஸ்லிம்களாகிய நமக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. நாம் நின்று தொழும் பள்ளிவாசலின் தூணையும் கூரையையும் தொடுகின்ற வினா அது.

ஒரு சாரார் கூறுவர்: குவிமாடமும் மினாராவும் அயலிலிருந்து வந்தவை, இம்மண்ணின் கலையில் அவற்றுக்குப் பங்கில்லை என்று. நம்முள்ளேயே மற்றொரு சாரார் கூறுவர்: கருங்கல் தூண்களும் போதிகைகளும் கொண்ட பழம்பள்ளிகள் கோயிலைப் பார்த்துக் கட்டப்பட்டவை, அவற்றை நீக்கிவிட்டு முறையான பள்ளிகளை எழுப்புவதே நன்று என்று. முன்னவர் நம்மை அயலாராக்குகின்றனர். பின்னவர் நம் முன்னோரையே அயலாராக்குகின்றனர். ஒரு வடிவம் எங்கே பிறந்ததோ அவ்விடத்தாருக்கு மட்டுமே அது உரியது என்று எண்ணும் ஒரே பிழையில் பிறந்தவை இவ்விரு கூற்றுகளும். வரலாறு இவற்றுக்கு என்ன விடை கூறுகிறது என்பதைச் சென்னைக்கு மேற்கே உள்ள பூந்தமல்லியிலிருந்து தொடங்கிக் காண்போம்.

பூந்தமல்லிக் கல்வெட்டு

பூவிருந்தவல்லி என்று ஏட்டிலும் பூந்தமல்லி என்று பேச்சிலும் வழங்கும் அவ்வூர் சென்னைப் பட்டினத்தினும் மூத்தது. வைணவப் பெரியார் திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் அது. 1639-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கடற்கரையில் கோட்டை கட்டிக்கொள்ள இடம் பெற்றபோது, அவ்விடத்தை அளித்த தாமர்ல வேங்கடப்ப நாயக்கரின் உடன்பிறந்தவரான ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்தே இப்பகுதியைக் கவனித்து வந்தார். அடுத்த பத்தாண்டுக்குள் காட்சி மாறியது. கோல்கொண்டாச் சுல்தான் அப்துல்லாஹ் குதுப் ஷாவின் படைகள் மீர் ஜும்லாவின் தலைமையில் தெற்கே இறங்கின. பூந்தமல்லி கோல்கொண்டா ஆட்சியின் நிருவாக ஊராயிற்று.

மீர் ஜும்லாவின் இயற்பெயர் முஹம்மது சயீத். ஈரானில் இஸ்பஹானை அடுத்த அர்திஸ்தானில் எண்ணெய் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். வைர வணிகத்தின் வழியே கோல்கொண்டாவை அடைந்து அமைச்சராக உயர்ந்தார். 1656-ஆம் ஆண்டில் முகலாயர் பக்கம் சேர்ந்தார். பின்னர் வங்காளத்தை ஆண்டு 1663-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பணியில் இருந்தவர்களுள் ஒருவர் ருஸ்தம் என்பவர். காஸ்பியன் கடலின் தென்கிழக்கே, இன்று கோர்கான் என வழங்கும் அஸ்தராபாத்தைச் சேர்ந்த துல்பிகார் என்பவரின் மகன். இந்த ருஸ்தம் 1653-ஆம் ஆண்டில் பூந்தமல்லியில் ஒரு பள்ளிவாசலைக் கட்டினார் என்பதை அங்குள்ள பாரசீகக் கல்வெட்டு தெரிவிக்கிறது.

இக்கல்வெட்டை மேலோட்டமாகப் படிப்பவர், அயல்நாட்டார் ஒருவர் அயல்மொழியில் எழுதி வைத்த அயற்கலைச் சின்னம் என்று கூறிவிடக்கூடும். ஆயினும் சற்றே எண்ணிப் பார்ப்போம். ருஸ்தம் கொண்டுவந்தவை யாவை? தம் தந்தையின் பெயர், தம் ஊரின் பெயர், தாம் கற்ற மொழி, அதனை எழுதும் அழகு. அவர் கொண்டுவர இயலாதவை யாவை? இந்நாட்டுக் கல், இந்நாட்டுச் சுண்ணாம்பு, கல்லைப் பிளந்து அடுக்கும் தொழிலறிவு. இஸ்லாத்தைக்கூட அவர் இங்குக் கொண்டுவரவில்லை. கோல்கொண்டாப் படைகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் பாங்கோசை ஒலித்துக்கொண்டிருந்தது. வந்தவரின் விருப்பமும் இருந்தவரின் கைத்திறனும் சந்தித்த இடமே பூந்தமல்லி.

துணியில் தெரியும் உண்மை

கோல்கொண்டா ஆட்சிக் காலத்தின் மற்றொரு கலையும் இதனையே கூறும். எழுதுகோலால் வரைந்து சாயமேற்றும் துணிக்குக் கலம்காரி என்று பெயர். 'கலம்' என்பது எழுதுகோலைக் குறிக்கும் அரபுச் சொல். 'காரி' என்பது வேலைப்பாட்டைக் குறிக்கும் பாரசீகச் சொல். பெயர் அயலது. ஆனால் துணிக்குக் கடுக்காய்ச் சாறு ஏற்றுவதும், சாயவேரிலிருந்து செந்நிறம் எடுப்பதும், நிறம் பற்ற வேண்டாத இடத்தை மெழுகால் மறைப்பதும் சோழமண்டலக் கரையின் தொன்மையான தொழில்நுட்பங்கள்.

மசூலிப்பட்டினத்திலிருந்து இத்துணிகள் ஈரானுக்குச் சென்றன. ஈரானியர் விரும்பிய பூக்கொடிகளும் மரங்களும் துணியில் ஏறின. பின்னர் ஆங்கிலேயரின் சுவையும் வந்து கலந்தது. 1643-ஆம் ஆண்டில் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியார் சூரத்திலிருந்த தம் முகவர்களுக்கு எழுதிய மடலில், சித்திரப் போர்வைகளுக்குச் சிவந்த தரை வேண்டா, வெண்மையான தரையில் பல நிறப் பூக்கள் வேண்டும் எனக் கேட்டனர். மேற்கே விரும்பியவாறு இந்திய ஓவியர் வரைந்தனர். வரைந்ததை வாங்கிய மேலைநாட்டார், இதுவே கலப்பற்ற கீழைநாட்டுக் கலை எனப் போற்றினர். ஆங்கிலக் கலை வரலாற்றாசிரியர் ஜான் இர்வின் இதனை ஆராய்ந்து, ஐரோப்பியர் வியந்த அக்கோலங்களில் ஐரோப்பியரின் சுவையே பெரும்பங்கு கொண்டிருந்ததை எடுத்துக் காட்டினார்.

அங்ஙனமாயின் அத்துணி யாருடையது? கொடியின் வளைவு ஈரானைச் சேர்ந்திருக்கலாம்; தரையின் வெண்மை லண்டன் கேட்டதாகலாம். ஆனால் நூறு முறை துவைத்தாலும் மங்காத அச்செந்நிறம் எவர் கையிலிருந்து பிறந்ததோ அவரே அக்கலைக்கு உரியவர். கேட்டதைக் கொடுப்பவர் வெறும் ஏவலர் அல்லர்; தாம் அறிந்ததைக் கொண்டே கொடுக்கின்றார்.

மதுரையும் கீழக்கரையும்

பூந்தமல்லிப் பள்ளி எழுந்த அதே பதினேழாம் நூற்றாண்டில் தமிழகத்தின் தெற்கே நிகழ்ந்த இரு செயல்களை ஒப்புநோக்குவது இன்பம் பயக்கும். 1636-ஆம் ஆண்டை ஒட்டி மதுரையில் திருமலை நாயக்கர் தம் அரண்மனையைக் கட்டினார். சைவமும் வைணவமும் போற்றிய அம்மன்னரின் மாளிகையில் நாம் காண்பவை வரிசை வரிசையான வளைவுகள், உயர்ந்த குவிமாடங்கள், சுதையால் இழைத்த பூவேலைகள். இஸ்லாமியக் கட்டடக் கலையிலிருந்து வந்த வளைவையும் மாடத்தையும் அவர் தயக்கமின்றி ஏற்றார். அதனால் அவர் அரண்மனையைத் தமிழர் எவரும் அயலது என்று கூறுவதில்லை.

அந்நூற்றாண்டிலேயே கீழக்கரையில் வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் பள்ளிவாசல் எழுந்தது. அங்கே அதிட்டானமும் தூணும் போதிகையும் உத்திரமும் கொடுங்கையும் தமிழ்நாட்டுக் கல்தச்சர் வழிவழியாக அறிந்த முறையிலேயே அமைந்தன. ஒன்று மட்டும் மாறியது. தூண்களில் உருவங்கள் இல்லை. அவ்விடத்தைப் பூவும் கொடியும் கோலமும் நிரப்பின. இந்து மன்னர் வளைவை எடுத்துக்கொண்டார். முஸ்லிம் வணிகர் மண்டபத்தை எடுத்துக்கொண்டார். இருவரும் தத்தம் சமயத்தில் ஓர் இழையும் விட்டுக்கொடுக்கவில்லை.

கோயிலைப் பார்த்துக் கட்டியது என்னும் குறை இங்கே பொருந்துமா? கல்மண்டபம் என்பது ஒரு சமயத்தின் சின்னமன்று. ஒரு நாட்டின் கட்டும் முறை. கருங்கல் தன் மேல் அமரும் பாரத்தைத் தாங்கும். ஆனால் நீண்ட உத்திரமாகக் கிடத்தினால் வளைவு தாங்காது முறியும். எனவே தூண்கள் நெருங்கி நிற்க வேண்டும். தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையே போதிகை நீண்டு பாரத்தை ஏந்த வேண்டும். இது கல்லின் இயல்பு. அக்கல் கோயிலில் நின்றாலும் சத்திரத்தில் நின்றாலும் பள்ளிவாசலில் நின்றாலும் இவ்வியல்பு மாறாது.

இக்கலந்துறவு ஒருவழிப் பாதையுமன்று. நாகூர் தர்காவின் மினாராக்களுள் மிக உயர்ந்ததாகிய 131 அடி மினாராவை எழுப்பியவர் தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங் என்பதை இவ்விடத்தில் நினைவு கூர்தல் தகும்.

மதீனாவின் முதற்பள்ளி

பழம்பள்ளிகளை முறையற்றவை எனக் கருதும் நம் சகோதரர்களுக்கு ஒன்றைப் பணிவோடு நினைவூட்ட விரும்புகின்றோம். மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டிய பள்ளிவாசலுக்குக் குவிமாடம் இருந்ததா? மினாரா இருந்ததா? இல்லை. பேரீச்ச மரத் தண்டுகளே அதன் தூண்கள். பேரீச்ச ஓலையே அதன் கூரை. வெயிலில் உலர்த்திய மண்கல்லே அதன் சுவர். பிலால் (ரலி) அவர்கள் உயர்ந்த வீடொன்றின் மேல் நின்று பாங்கு கூறினார்கள்.

கிப்லாவைக் காட்டும் குழிந்த மிஹ்ராப், வலீத் கலீபாவின் காலத்தில், உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்கள் மதீனாவின் ஆளுநராய் இருந்து அப்பள்ளியை விரிவாக்கிய எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு அமைந்தது. அப்பணியில் எகிப்தின் கிப்தியக் கொத்தர்களும் ஈடுபட்டனர் என வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். திமிஷ்கின் பெரும்பள்ளி, உரோமர் காலத்துக் கோயில் வளாகத்தின் மதிலுக்குள் எழுந்தது. அவ்வளாகத்தின் மூலைக் கோபுரங்களிலிருந்தே அங்கு முதலில் பாங்கு ஒலித்தது. குவிமாடம் பைசாந்தியரும் பாரசீகரும் முன்னரே கையாண்டது. நாயகத்தின் அடக்கத்தலத்தின் மேல் குவிமாடம் எழுந்தது 1279-ஆம் ஆண்டில்தான்; அதற்குப் பச்சை வண்ணம் பூசப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில்.

ஆகவே, மண்ணுக்கேற்ற பொருளால் தூண் நிறுத்தி, அதன் மேல் நேர்கூரை பரப்பி, அதன் நிழலில் அணி அணியாக நின்று தொழுவதே முதற்பள்ளியின் இலக்கணம் எனலாம். மதீனாவில் பேரீச்சந் தண்டு செய்த பணியைக் கீழக்கரையில் கருங்கல் செய்தது. தமிழகத்துக் கல்பள்ளி அம்மூலத்திலிருந்து விலகியதன்று. ஒருவகையில் அதற்கு மிக அண்மையில் நிற்பது.

உலகெங்கும் இதுவே நிகழ்ந்துள்ளது. ஜாவாத் தீவின் தெமாக் பள்ளிக்கு அடுக்கடுக்கான மரக்கூரை. சீனத்துச் சியான் பள்ளிக்குச் சீன முற்றங்களும் ஓட்டுக் கூரையும். ஆப்பிரிக்காவின் ஜென்னே பள்ளிக்குக் களிமண். துருக்கியின் மாமேதை சினானோ, ஆயிரமாண்டுகளுக்கு முன் கிறித்தவர் எழுப்பிய அயா சோபியாவைத் தம் ஆசானாகக் கொண்டு, எதிர்னே நகரின் செலிமியே பள்ளியில் அந்த ஆசானுக்கு இணையாக நின்றார். கற்றுக்கொண்டதை அவர் மறைக்கவில்லை; கற்றதோடு நின்றுவிடவுமில்லை.

சொல்லில் கண்டதே கல்லிலும்

இலக்கியம் பயின்ற நம் வாசகர்களுக்கு இது புதிதன்று. உமறுப் புலவரின் சீறாப்புராணம் பாடுவது அரபு நாட்டில் நிகழ்ந்த வரலாறு. ஆயினும் அது நாட்டுப்படலத்தோடும் நகரப்படலத்தோடும் தமிழ்க் காப்பியமாகவே விரிகிறது. பாலை நிலத்துக்கு ஆறும் வயலும் கரும்பும் கொடுத்துப் பாடினார் புலவர். அதே வேளையில் கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று தமிழுக்கு முன்பில்லாத இலக்கிய வகைகளை நம் புலவர்கள் படைத்தளித்தனர்; அவற்றுள் பலவற்றின் பெயர்களே அரபும் பாரசீகமும் ஆகும். வாங்கியவர்களே வழங்கியவர்களும் ஆயினர். உமறுப் புலவரைக் கம்பரைப் பார்த்து எழுதியவர் என்று நாம் ஒதுக்குவதில்லை. சொல்லில் நாம் போற்றும் இப்பண்பைக் கல்லில் மட்டும் குறையெனக் கூறுவது முறையாகுமா?

சென்னையில் ஒரு சுழற்சி

பூந்தமல்லியிலிருந்து கிழக்கே சென்னைக்கு வருவோம். திருவல்லிக்கேணியில் 1795-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாப் வாலாஜா முஹம்மது அலியின் குடும்பத்தார் எழுப்பிய பெரும்பள்ளி மரமும் இரும்பும் சேராது சாம்பல்நிறக் கருங்கல்லால் அமைந்தது. அதன் ஆண்டைக் குறிக்கும் பாரசீகப் பாடலை இயற்றியவர் நவாபின் செயலராய் இருந்த ராஜா மக்கன்லால் கிராத் என்னும் இந்து அறிஞர். வடக்கின் பாணியும் தெற்கின் கல்லும் பாரசீகத்தின் சொல்லும் அங்கே ஒன்றாயின.

நவாபின் சேப்பாக்கம் அரண்மனை 1768-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நூறாண்டுகளுக்குப் பின் அதற்கு அருகே கட்டடம் எழுப்ப வந்த ஆங்கிலேயச் சிற்பி இராபர்ட் சிஷோம், அவ்வரண்மனையின் வளைவுகளையும் மாடங்களையும் நோக்கித் தம் கட்டடங்களை அமைத்தார். 1874 முதல் 1879 வரை அவர் கட்டிய பல்கலைக்கழகச் செனட் மண்டபம் அதற்குச் சான்று. ஆங்கிலேயர் இப்பாணிக்கு 'இந்தோ சாரசனிக்' எனப் பெயரிட்டனர். நம்மிடமிருந்து எடுத்து, தம் சுவையோடு கலந்து, நமக்கே திருப்பித் தந்தனர். இன்று உயர்நீதிமன்றத்தின் செம்மாடங்களைக் காணும் சென்னைவாசி அவற்றைத் தம்முடையவை என்றே கருதுகிறார், அது தவறுமன்று.

அம்பத்தூரும் ஆவடியும்

பூந்தமல்லியை அடுத்த அம்பத்தூரும் ஆவடியும் இருபதாம் நூற்றாண்டில் இதே பாடத்தை இரும்பில் எழுதின. 1949-ஆம் ஆண்டில் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் முருகப்பா குழுமமும் இணைந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. அம்பத்தூர்த் தொழிற்சாலையில் உருவான ஹெர்குலிஸ் சைக்கிளின் பெயரும் பிரிட்டனது, அமைப்பும் பிரிட்டனது. ஆனால் பால்காரரின் கேன்களும் துணி வியாபாரியின் மூட்டையும் ஏறியபோது, அச்சைக்கிள் உல்லாச ஊர்தி என்னும் நிலையிலிருந்து உழைப்பாளியின் தோழனாயிற்று. பயன் மாறியபோது பொருளின் இயல்பே மாறியது.

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1965-ஆம் ஆண்டின் இறுதியில் விஜயந்தா டாங்கியை வெளியிட்டது. அது இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனம் வரைந்த வடிவம். வரைபடத்தைப் பெற்றுக் கட்டக் கற்றவர்கள் பின்னர்த் தாமே வரைய முற்பட்டனர். 1974-ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற அர்ஜுன் டாங்கியின் திட்டம் ஆவடியில் வளர்ந்தது; 2004-ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலை செய்த முதல் வண்டிகள் படைக்கு அளிக்கப்பட்டன. அதற்கும் எஞ்சின் ஜெர்மனியிலிருந்தே வந்தது. முழுதும் தனித்துப் பிறந்தது என்று எதனையும் கூற இயலாது. ஆயினும் பிறர் வரைந்ததைக் கட்டுவதற்கும், தம் தேவையை எண்ணித் தாமே வரைந்து, குறைவதைப் பிறரிடம் கேட்டுப் பெறுவதற்கும் உள்ள தொலைவு பெரிது. அத்தொலைவைக் கடப்பதே சொந்தக் கலை.

எது போலி?

ஆகவே, 'எங்கிருந்து வந்தது' என்பது சரியான வினாவன்று. 'எதற்காக வந்தது, வந்த இடத்தில் என்னவாயிற்று' என்பதே சரியான வினா. இம்மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் விடையளிக்கிறதா? இங்குள்ள கைகளின் திறனை வளர்க்கிறதா? அதைக் கொண்டு நம் வாழ்வு நடக்கிறதா? ஆம் எனில் அது நம்முடையது. இல்லை எனில், நம் ஊரிலேயே பிறந்தாலும் அது போலிதான்.

இவ்வளவுகோலைக் கொண்டு இக்காலத்தை நோக்கினால் நெஞ்சு வருந்துகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தமிழகத்தின் பல ஊர்களில் பழைய கல்பள்ளிகள் இடிக்கப்பட்டு, கான்கிரீட் பள்ளிகள் எழுந்துள்ளன. தொழுவோர் பெருகினர், இடம் போதவில்லை, இத்தேவையை நாம் மறுக்கவில்லை. குவிமாடம் கூடாது என்றும் நாம் கூறவில்லை. தூணின்றிப் பெரிய இடத்தை மூடும் அரிய உத்தி அது. ஆனால் இன்று எழும் பல மாடங்கள் எந்த இடத்தையும் மூடுவதில்லை. தட்டையான கான்கிரீட் தளத்தின் மேல் கவிழ்த்து வைத்த தொப்பியாகவே அவை அமர்ந்துள்ளன; உள்ளே நின்று தொழுபவருக்கு அம்மாடம் இருப்பதே தெரியாது. படத்தில் கண்டதை எடுத்து, பயன் அறியாமல் பொருத்தியது அது. கீழக்கரைக் கல்தச்சர் கோயிலிலிருந்து எடுத்ததைப் போலி என்போர், இதனை என்னென்பர்?

இடிந்த கல் மீள்வதில்லை. டாக்டர் ஜெ. ராஜா முஹம்மது போன்ற ஆய்வாளர்கள் தமிழகத்தின் இஸ்லாமியக் கட்டடக் கலையை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து நூலாக்கியுள்ளனர். அவர்கள் ஏட்டில் காத்ததைக் கல்லில் காப்பது ஜமாஅத்துகளின் கடமை. இடம் போதாவிடில் பழம்பள்ளியை உள்ளே வைத்துப் பக்கங்களில் விரிக்கலாம். மாற்றம் தவிர்க்க இயலாததெனின், தொடுவதற்கு முன் அளந்து வரையலாம், படமெடுக்கலாம், கல்வெட்டுகளைப் படித்துப் பதிவு செய்யலாம். சுண்ணாம்பு பூசி எழுத்தை மறைக்காதிருத்தல் அதனினும் எளிது.

அஸ்தராபாத்தின் ருஸ்தம் தாம் தொலைவிலிருந்து வந்தவர் என்பதை மறைக்கவில்லை. தம் ஊரின் பெயரைக் கல்லிலேயே வெட்டி வைத்தார். ஆனால் அக்கல்லை நட்டது பூந்தமல்லி மண்ணில். வந்த வழியை மறவாமையும், நின்ற மண்ணில் ஊன்றுதலும் ஆகிய இரண்டும் ஒருங்கே அமைவதே கலையின் சொந்தம். அச்சொந்தத்தை நமக்கு எவரும் வழங்க வேண்டியதில்லை. நம்மிடமிருந்து எவரும் பறிக்கவும் இயலாது. நம் கையாலேயே இடித்துவிடாமல் இருந்தால் போதும்.